துடைப்பதற்கு முன்னால்

ஆஸ்பத்திரியில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்கள் வார்டில் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தால், நர்ஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் மின்னல் வாளியோடு அங்கே நிற்பாள். கண்ணை மூடித் திறந்தால் தரை காய்ந்திருக்கும். வாந்தி எடுத்த ஆளுக்கே, எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். வார்டின் பெரிய சிஸ்டர் யாரையும் லேசில் புகழ்கிற ஆள் இல்லை. அவரே, "இவ இருக்கிற வரைக்கும் என் வார்டு நாறாது" என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வேலைக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்க்கக் கூடாது. கண் தரையில் இருக்கலாம், ஆனால் பார்க்கக் கூடாது. மூச்சை வாயால் விட்டுக்கொண்டு, துணியை மேலே போட்டு, மனசை வேறெங்காவது அனுப்பிவிட வேண்டும். மின்னல் வீட்டில் தீர்ந்துபோன சாமான்களை நினைத்துக்கொள்வாள். சோப்பு, தீப்பெட்டி, வெங்காயம் என்று மனசு கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே கை தன் பாட்டுக்கு வேலையை முடித்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்துத் தொலைத்து, சோறு இறங்காமல் கிடந்து, பிறகு அவளாகவே பழகிக்கொண்டது இது. கெட்டிக்காரத்தனம்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். இடுப்பு வலி என்று வெறும் வயிற்றில் மாத்திரையாக முழுங்கிக்கொண்டிருந்தவன், வெயில் காலம் தொடங்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டான். வயிற்றில் புண், புண்ணிலிருந்து ரத்தம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் டிப்போ வாசலில் கிடந்த நாய்க்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, "இவர் துரை. இனிமே இங்கதான் இருப்பாரு" என்று அறிவித்திருந்தான். சொன்னபடி துரை இருந்தது. சொன்னவன்தான் இல்லை.

மின்னல் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்தை வேவு பார்க்கத்தான் வந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். பார்த்துவிட்டு, நெஞ்சில் ஈரமே இல்லாதவள் என்று படியிறங்கும்போதே பேசிக்கொண்டார்கள். பாவம், ஏமாந்து போனவர்கள். ஈரமும் இல்லை, வறட்சியும் இல்லை, அவளுக்குள் எதுவுமே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி மரத்துப் போயிருந்தாள். காலையில் எழுந்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள்.

வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார். அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரைக்காரர். மாத்திரை என்றாலே முகத்தைச் சுளிப்பார். அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மின்னல் ரெண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில், கூடாதென்று தெரிந்தும், துளி ஜாம் தடவி, அந்த நீள வெள்ளை மாத்திரையை அதற்குள் புதைத்து, தட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். மத்தியானத்துக்கும் ஒரு தட்டு. சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டும் கழுவி வைத்தது மாதிரி பளிச்சென்று இருக்கும். ராத்திரி எதுவும் வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது என்பார். மாமனார் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

இருவரும் பேசிக்கொள்வது துரையைப் பற்றி மட்டும்தான்.

"துரை சாப்பிட்டாரா மாமா?"

"சாப்பிட்டாரும்மா. தூங்கறாரு."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. அந்தக் குட்டியும் போய்விட்டால் அந்த இரண்டு அறைகளில் வாயைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது. இது இருவருக்கும் தெரியும்.

துரைக்கு முதலிலிருந்தே வயிறு சரியில்லை. பாலில் ஊறிய ரொட்டி, முட்டை, எதைத் தின்றாலும் கொஞ்ச நேரத்தில் முதுகை வளைத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போகும். மின்னல் துடைத்துவிடுவாள். குட்டி என்றால் கக்கத்தான் செய்யும் என்று விட்டிருந்தாள். ஒருநாள் அதைத் தூக்கியபோது விலா எலும்பெல்லாம் விரலில் தட்டியது. மறுநாளே லீவு போட்டுவிட்டு, ஒரு துணிப்பையில் துரையை உட்காரவைத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். மாடு, நாய், கிளி எல்லாவற்றுக்கும் அந்த டாக்டரம்மா ஒருத்திதான்.

"வாந்தில என்ன இருந்துச்சு?" என்றாள் டாக்டர், குட்டியின் வயிற்றை அமுக்கிக்கொண்டே.

"தெரியலைங்க."

"மஞ்சளா? நுரையா? தின்னது அப்படியே வந்துச்சா?"

"பாக்கலைங்க."

"வீட்ல யார் துடைக்கிறது?"

"நான்தான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "துடைச்சிருக்கீங்க, ஆனா பாக்கல?"

இந்தக் கேள்வி மின்னலின் காதில் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்திருக்கிறது. அவள் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், அவள் துடைத்த அதே தரையில் நின்றுகொண்டு, கட்டிலில் நினைவில்லாமல் கிடந்த புருஷனைக் காட்டிப் பெரிய டாக்டர் கேட்டார். வீட்டில் வாந்தி எடுத்தாரா, கறுப்பாக இருந்ததா, காப்பித்தூள் மாதிரி இருந்ததா என்று. எடுத்தார். வரிசையாக எடுத்தார். ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். சோப்பு, தீப்பெட்டி, வெங்காயம். தெரியலை சார் என்று அன்றைக்கும் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசினாள். "சில குட்டிங்களுக்குச் சில சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்காது. இதுக்கு எது ஒத்துக்கலைன்னு கண்டுபிடிக்கணும். பால், ரொட்டி, முட்டை எல்லாத்தையும் நிறுத்துங்க. இதுவரைக்கும் திங்காததா ஒண்ணு குடுப்போம். முள்ளு எடுத்த மீன், உருளைக்கிழங்கு, ரெண்டையும் வேகவெச்சு. உப்பு கூடப் போடாதீங்க. வேற ஒரு துணுக்கு உள்ள போனாலும் திரும்ப முதல்ல இருந்துதான். இன்னும் இளைச்சா தாங்காது, சொல்லிட்டேன். அடுத்த தடவ வாந்தி எடுத்தா துடைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. போன்ல ஒரு படம் எடுத்துட்டு வாங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு துரைக்காகத்தான் எரிந்தது. மின்னல் மீனை வேகவைத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, கிழங்கோடு பிசைந்து வைப்பாள். மாமனாரிடமும் டாக்டர் சொன்னதை ஒப்பித்தாள். துரை தட்டை நக்கிவிட்டு இன்னும் என்று பார்க்கும். கொஞ்சம் தேறியது மாதிரிதான் இருந்தது. பிறகு மறுபடியும் முதுகை வளைத்தது.

அன்றைக்கு அவள் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினாள். நினைத்து முடிக்கும்போது துணி கையில் நனைந்திருந்தது, தரை பளபளத்தது. அடுத்த தடவையும் அதேதான். கையை என்ன, கட்டியா போட முடியும்? அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

"மாமா, இந்த மாப்பு, துணி, வாளி எல்லாத்தையும் எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிடுங்க. எனக்குத் தெரியக் கூடாது."

மாமனார் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்.

வார விடுமுறை நாள் வந்தது. காலையில் மாமனார் முன்னால் ரொட்டித் தட்டை வைத்துவிட்டு மின்னல் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோது தட்டு பளிச்சென்று இருந்தது. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அடுப்புப் பக்கத்தில் துரை முதுகை வளைத்து, இரண்டு தடவை குலுங்கி, கக்கியது.

கை மூலைக்குப் போனது. மூலை காலியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் தேடினாள், அங்கேயும் இல்லை. வேறு வழியில்லாமல் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

மஞ்சள் தண்ணீர். விளிம்பில் நுரை. நடுவில் மீனும் இல்லை, கிழங்கும் இல்லை. ஊறிப் பெருத்த ரொட்டி. அதில் சிவப்பாக ஜாம். ஜாமில் ஒட்டிக்கொண்டு, பாதி கரைந்து, நடுவில் கோடு போட்ட நீள வெள்ளை மாத்திரை. காலையில் அவள் கையால் புதைத்தது.

மெதுவாகத் தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அவரையும் அவள் பார்க்கவில்லை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும். கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறிக் கிடந்தது.

"ரொட்டி சாப்பிட்டீங்களா மாமா?"

"சாப்பிட்டேனேம்மா."

"இங்க வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எறங்கலம்மா," என்றார். "நீ கஷ்டப்பட்டு வெச்சுட்டுப் போறே, கொட்டவும் மனசு வரல. துரை வந்து நிப்பாரு. நீ இதக் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னே. ஒரு துண்டுதானேன்னு நெனச்சுட்டேன். மாத்திரைய நான் நெனச்சே பாக்கல."

மின்னலுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வந்த குரல் என்னவோ வார்டில் வழி விடுங்க என்று சொல்கிற குரல்தான். "நீங்களும் போயிட்டா நான் என்ன மாமா பண்றது? உங்க மகன் எடுத்தப்பவும் நான் பாக்கல. டாக்டர் கேட்டாரு, கறுப்பா இருந்துச்சான்னு. எனக்குச் சொல்லத் தெரியல. எல்லாத்தையும் துடைச்சேன், ஒண்ணக் கூடப் பாக்கல."



"நான் பாத்தேன்," என்றார் மாமனார்.

அவள் குந்தியபடியே இருந்தாள்.

"கறுப்பாத்தான் இருந்துச்சு. பாத்ரூம்ல பாத்தேன். உன்னைக் கூப்பிடலாம்னு நெனைக்கிறதுக்குள்ள நீயே வந்து, சத்தம் காட்டாம துடைச்சுட்டுப் போனே. ஆஸ்பத்திரிப் பொண்ணு, தெனமும் பாக்கிறவ, அவளே பதறல, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

பார்த்தவருக்கு அது ரத்தம் என்று தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் பார்க்கவில்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே பாத்ரூம் வாசலில், ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. இருவரும் தரையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் இப்படி இருக்க, துரை கக்கியதைத் திரும்பத் தின்ன வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மின்னல் அதன் கழுத்தைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். மாத்திரை வெளியே வந்துவிட்டது நல்லது, ஆனாலும் உடனே ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள் என்றாள் அவள். படம் எடுத்தீர்களா என்று கேட்டாள். மின்னலுக்கு அது ஞாபகமே இல்லை. "என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேங்க," என்று வரிசையாகச் சொன்னாள்.

"மாப்பு எங்க மாமா?"

"என் கட்டிலுக்கு அடியில."

அவரே போய் எடுத்து வந்தார். அவரே துடைத்தார். துடைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மெஷினுக்கு மை பூசுகிற மாதிரி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பரப்பினார். மின்னலுக்குக் கை பரபரத்தது. ஆனாலும் துரையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

டாக்டரம்மாவிடம் கிளம்ப வேண்டும். துரைக்கு வேகவைத்திருந்த மீனும் கிழங்கும் பாத்திரத்தில் நிறைய இருந்தன. அதன் பங்கைத் தனியாக எடுத்து மூடிவிட்டு, மிச்சத்தில் உப்புப் போட்டுக் கிளறி ஒரு தட்டில் கொட்டி மாமனார் முன்னால் வைத்தாள். எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒரு வாய் எடுத்து, மென்று, முழுங்கினார்.

"துரை நல்லாத்தான் சாப்பிட்டுட்டு இருந்திருக்காரு," என்றார்.

ஐந்தாறு வாய் போனது. மின்னல் புது மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், ஜாம் இல்லாமல், ரொட்டி இல்லாமல். அவர் முகத்தைச் சுளித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"முழுங்கிட்டேன்மா."

"வாயத் திறங்க மாமா."

திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார். மின்னல் முன்னால் சாய்ந்து, வெளிச்சம் விழும்படி அவர் தாடையை ஜன்னல் பக்கம் திருப்பி, நன்றாகப் பார்த்தாள்.