காற்றில் அடித்த டோல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கணபதி திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். புனேயில், போபோடி பகுதியில் நானும் அம்மாவும் அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது.

நான் குளிர்சாதன இன்ஜினியர். தடுப்பூசி மருந்தைச் சூடேறாமல் குழந்தையின் கை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் படிப்பும் பிழைப்பும். மின்சாரம் எட்டிப் பார்க்காத வெளிநாட்டுக் கிராமங்களில் போய் இதைச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. விண்ணப்பித்த இடங்களில் பாதிப் பேர், தொண்டராக வாருங்கள், சம்பளம் கிடையாது என்றார்கள். அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. சம்பளம் தரக்கூடிய இரண்டு அமைப்புகளோ, தொழில் தெரிகிறது, ஊர் மக்களோடு பழகிய அனுபவம் இல்லை என்று கைவிரித்துவிட்டன. அன்றைக்கு மூன்றாவது அமைப்பு. வீடியோவில் கடைசிக் கட்ட நேர்காணல். இதுவும் போனால் ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்று முடிவே செய்திருந்தேன்.

எனக்கு முன்னால் இருந்தவரின் நேர்காணல் இழுத்துக்கொண்டே போனது. நான் கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மைதானத்தில்தான் திருவிழாவுக்கான டோல் தாஷா மேளக் குழு தினமும் பயிற்சி எடுக்கும். ஆபீஸ் விட்டு வந்து, ஆளுக்கொரு டோலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐம்பது அறுபது பேர் அடித்தால் எங்கள் சமையலறைப் பாத்திரமெல்லாம் ஆடும்.

ஒருவழியாக என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு கேள்விதான் முடிந்திருக்கும், மைதானத்தில் டோல் ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடினேன். ஒன்றும் பலிக்கவில்லை. திரையில் இருந்த மூன்று பேரில் ஒரு அம்மாள் பதறிப்போய், நான் பாதுகாப்பாக இருக்கிறேனா என்று கேட்டார். துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துவிட்டார் போல! மேளப் பயிற்சி என்று கத்தினேன். இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும், கொஞ்ச நேரம் காத்திருக்கிறோம் என்றார்கள்.

"இங்க நின்னு அழுது என்னடி ஆகப்போவுது? ஜல்தி கீழ போய்க் கேளு!" என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா. அந்தக் கோலத்தில் ஓடினேன். நிறுத்துங்கள் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கத்தினேன். யார் காதில் விழும்? ஒருவர் மட்டும் அடித்துக்கொண்டே, "பர்மிஷன் ஹை, மேடம்" என்றார், அனுமதி வாங்கித்தான் அடிக்கிறோம் என்று. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. குழுவின் தலைவி, என் வயதுதான் இருக்கும், கழுத்தில் விசிலோடு நடுவில் நின்றிருந்தாள். நேரே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்கறி வாங்க மட்டுமே பயன்பட்ட என் ஓட்டை மராட்டியில் கெஞ்சினேன்.

"அக்கா, எனக்கு இன்டர்வியூ நடந்துகிட்டிருக்கு. குழந்தைங்க ஊசி மருந்து கெடாம பாத்துக்கிற வேலை. அரை மணி நேரம் குடுங்க, போதும்."

எந்த வீடு என்று கேட்டாள். கையைக் காட்டினேன்.

"ஓஹோ, நாங்க ஆரம்பிச்சதும் படார்னு சாத்துற ஜன்னலா?"

செத்தேன் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே விசிலை ஊதிக் கையைத் தூக்கினாள். அத்தனை டோலும் ஒரே நேரத்தில் அடங்கியது. திரும்பி ஓடினேன்.

லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து, மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி வந்தது. முன்பின் தெரியாத ஓர் ஊரில் மக்கள் உங்களுக்கு ஏன் ஒத்துழைக்க வேண்டும்? நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. மனப்பாடம் செய்த பதிலை ஓரம் வைத்தேன். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அவர்கள் கலைந்து போகவில்லை. தலைவி விரலால் தாளம் காட்ட, எல்லோரும் குச்சியை வீசி, டோலில் படுவதற்குள் நிறுத்தி, காற்றிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஒத்துழைக்க வேண்டும் என்று அவர்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். இவர்களிடம் நான் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போய்க் கேட்டேன்" என்றேன்.

மூன்று பேரும் திரைக்கு அருகே நகர்ந்து வந்து அதையே பார்த்தார்கள்.

வேலை கிடைத்தது, முழுச் சம்பளத்தோடு. பேடா வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஒன்றை எடுத்து என் வாயிலேயே திணித்துவிட்டு, "போறதுக்குள்ள ஒரு நாளாவது ஜன்னலத் தொறந்து வெச்சுக் கேளு" என்றாள் தலைவி.

இப்போது கடல் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில், கருவிப் பெட்டியோடு ஜீப்பிலிருந்து இறங்கும்போதெல்லாம், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்: இன்றைக்கு நான் யாருடைய சாயங்காலத்தைக் கலைக்கப் போகிறேன், அவர்களிடம் கேட்டேனா என்று.