ஆர்லன் நைகார்டின் புள்ளிச் செடி

ஒவ்வொரு செடியையும் வெட்டிப் பிரித்த பிறகு கத்தியை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்லன் நைகார்ட் அடுத்ததைத் தொடுவார். மே மாதம் பிறந்துவிட்டது. வடக்குச் சுவரோரம் பனி உருகி முடிந்ததுதான் தாமதம், ஹோஸ்டா என்கிற அந்த நிழல் செடிகள் ஊதாக் குருத்துகளை நீட்டிவிட்டன. பழைய தீவனச் சாக்கின் மேல் முழங்காலை ஊன்றி, போன வருஷத்துச் சருகை விரலாலேயே விலக்குகிறார். "இலைக்காகத்தானே இத வளர்க்கிறோம்? இப்பவே குருத்த ஒடிச்சிட்டா, இந்த வருஷம் பூரா அந்தக் கிழிசலத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

வயது அறுபத்தொன்று. குளிர்காலத்தில் மாவட்டத்துப் பனி அகற்றும் வண்டி ஓட்டுகிறார். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் உச்சி குளிர்ந்தாலும் "மோசமில்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆர்லனும் அப்படித்தான், ஆனால் ஹோஸ்டா என்று யாராவது ஆரம்பித்தால் அன்றைக்கு அவர் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். மான் வராமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றித் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறார். இதுவரை அதில் தடுக்கி விழுந்தது தபால்காரர் மட்டும்தான்.

பிறர் தோட்டத்து மண்வெட்டி இவர் வாசலைத் தாண்டக் கூடாது. "அத வெளியிலயே வெச்சிட்டு வா. எந்தச் சீக்குச் செடியோட சாறு ஒட்டியிருக்கோ, யாரு கண்டா?" என்பார். "கல்யாண நாள் என்னிக்குன்னு கேளுங்க, முழிப்பாரு. எந்தச் செடிய என்னிக்கு நட்டார்னு கேளுங்க, மணியோட சொல்வாரு" என்பது அவர் மனைவி டோரீனின் நிரந்தரப் புகார்.

அத்தனை செடிகளிலும் ஒன்றுக்குத்தான் ராஜ மரியாதை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த குவியலில் கிடைத்தது. வெளிர்பச்சை இலையில், நரம்போரமாக மை கசிந்ததுபோல் கரும்பச்சைப் புள்ளிகள். எந்தப் பட்டியலிலும் இல்லாத இலை. அதற்கு 'டோரீன்' என்று பேர் வைத்தார். போன இலையுதிர்காலத்தில் தெருவில் மூன்று வீடுகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஊர் ஹோஸ்டா சங்கத்தின் இந்த வருஷ விற்பனையில் அது வேண்டுமென்று பதினான்கு பேர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.

மே கடைசியில் இலை விரிந்ததும், சங்கச் செயலாளர் ஃபில்லிஸ் சோதனை அட்டைகளோடு வந்தார். விற்பனைக்குப் போகும் செடிகளையெல்லாம் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அந்த விதிக்காக இரண்டு வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டவரே ஆர்லன்தான். இலைத் துண்டை நசுக்கி, சாற்றில் அட்டையை நிறுத்தினார்கள். ஒரு கோடு வந்தால் நல்ல செடி. இரண்டு கோடு வந்தது. புது அட்டை எடுத்தார்கள். அதிலும் இரண்டு. நாலு வருஷமாக ஊரே வியந்து பார்த்த அந்தப் புள்ளிகள்தான் நோய். அதற்கு மருந்து கிடையாது.

ஃபில்லிஸ் குரலைத் தாழ்த்தினார். "என் வாயிலேர்ந்து வெளிய போகாது, ஆர்லன். செடி பட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க."

ஆர்லன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மூணு வீட்டுக்குக் குடுத்திருக்கேனே" என்றார்.

அன்று மாலையே தன் மண்வெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு மூன்று வீட்டுக் கதவையும் தட்டினார். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது இந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். எதிர்வீட்டு வெர்னுக்கு மனசே வரவில்லை. "நல்லா அழகாத்தானேய்யா இருக்கு?"

"அந்த அழகுதான் அதோட வியாதி. நான்தான் குடுத்தேன், நானே தோண்டிக்கிறேன். பக்கத்துல இருக்கறதையும் சோதிச்சிடு, அட்டை நான் தர்றேன்."

எல்லாம் வேரோடும் மண்ணோடும் கறுப்புப் பைகளுக்குள் போயின. கடைசியாகத் தன் வீட்டுச் செடியையும் தோண்டினார். வாசலில் நின்ற டோரீன், "ஊர்ல ஒரு பொண்டாட்டிய மூணு வீட்லேர்ந்து பிடுங்கிட்டு வந்த ஆளு நீ ஒருத்தன்தான்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. சட்டை முதுகெல்லாம் மண்ணாகக் குனிந்து பையைக் கட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கல்யாணத்தன்றுகூட இவரை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விற்பனை. காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காமல் நகர முடியாத இடத்தில், ஆர்லன் ஒரு பலகையை நிறுத்தினார். அதில் அந்தப் புள்ளி இலை ஒன்றை, கண்ணாடிப் பைக்குள் ஒட்டி மூடி, குத்தி வைத்தார். மேலே 'இப்படி இருந்தால் பிடுங்கிவிடுங்கள்' என்று எழுதினார். பரிசு பெறும் இலைகளுக்குக் கீழே வைக்கிற சங்கத்து அட்டையில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதில் இரண்டே வரி. செடியின் பெயர் என்ற இடத்தில் 'வைரஸ்' என்று எழுதினார். வளர்த்தவர் என்ற இடத்தில், பேனாவை அழுத்தி, தன் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார்.