முந்திக்கொள்ளும் கால்

வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, வெறும் பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்ட பிறகுதான் அக்கா ஜன்னலோரம் உட்காருவார். கையில் பென்சில், மடியில் அட்டை, அட்டையில் கிளிப் மாட்டிய தாள். கீழே நான்கு சாலைகள் வந்து கூடும் சந்திப்பு. சிக்னல் கிடையாது. எல்லோருக்கும் அவசரம் மட்டும் உண்டு.

அறை ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடி. எடுத்துவிட்டு வாங்கிப்போக வராதவர்களின் பாஸ்போர்ட் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருக்கிறார் கடைக்காரர். சிரிக்காத முகங்கள் நேராக ஜன்னலைப் பார்த்தபடி இருக்கின்றன. முதுகில் அத்தனை கண்களையும் வாங்கிக்கொண்டு அக்கா சாலையைப் பார்க்கிறார். "அவங்களும் ரோட்டத்தான் பாக்கறாங்க. சம்பளம் மட்டும் எனக்கு" என்பார்.

அலுவலகத்தில் அவருக்கு நூலிழை அக்கா என்று பெயர். செய்தித்தாளில் போடுகிறார்களே, நூலிழையில் உயிர் தப்பினார் என்று, அந்த நூல் எவ்வளவு மெல்லிசு என்று அளந்து சொல்வதுதான் அவர் உத்தியோகம். இரண்டு வண்டிகள், அல்லது ஒரு வண்டியும் ஓர் ஆளும், இப்படியே போனால் மோதிவிடுவார்கள் என்கிற நிலைக்கு வரவேண்டும். யாராவது ஒருவர் பிரேக் பிடிக்கவேண்டும், இல்லை ஒதுங்கவேண்டும். அந்தக் கணத்தில் இடைவெளி எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கண்ணாலேயே மதிப்பிட்டு, பிரேக் பிடிக்காமல் விட்டிருந்தால் எத்தனை விநாடியில் மோதியிருக்கும் என்று தாளில் குறிக்கவேண்டும். சந்திப்புக்குச் சிக்னலா, வேகத்தடையா என்று மேலே இருப்பவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். விபத்து நடந்தால் அது இவர் கணக்கில் சேராது.

"அடிபட்டா எழுதறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. அடிபடாம வீட்டுக்குப் போய் வழக்கம்போல சண்ட போடறான் பாருங்க, அவன யாரு எழுதறது?"

வேலையில் சேர்ந்த அன்று, அலுவலகத்து இன்ஜினியரம்மா ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்தார். கண்காணிப்பவர் யார் கண்ணிலும் படக்கூடாது. என்ன நடந்தாலும் குரல் கொடுக்கக்கூடாது. "நாம குரல் கொடுத்தா ரோடு நடிக்க ஆரம்பிச்சிடும்" என்றாராம். அக்கா அன்றே வாயைத் தைத்துக்கொண்டார். காலைத் தைக்கத்தான் மறந்துவிட்டார்.

அந்த வலது கால் பிரேக் பிடிக்கும். கீழே யாராவது குறுக்கே பாய்ந்தால் இங்கே பாதம் தரையில் அழுந்தும். தானாக நடப்பது, அக்காவுக்கே பல சமயம் தெரியாது. வீட்டில் பால் பொங்கினாலும் அழுந்தும். டி.வி.யில் கதாநாயகி தப்பான ஆளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போனாலும் அழுந்தும். அவர் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "இத்தன வருஷமா நான் ஸ்டியரிங்க மட்டுந்தான் பிடிச்சேன். பிரேக்கெல்லாம் வீட்லேருந்து இவதான் போட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

காலில் இருக்கும் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அம்பயர். அதே அறையின் இன்னொரு ஜன்னலில் உட்கார்ந்து மற்ற இரண்டு சாலைகளைப் பார்ப்பவர். உள்ளூர் கிரிக்கெட் ஆட்டங்களில் விரல் தூக்கிப் பழகியவர். எதையும் சட்டென்று நம்பாதவர். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கீழ பிரேக் சத்தம் கேட்ட பிறகு உங்க கால் அழுந்துதா, இல்ல கால் அழுந்தின பிறகு சத்தம் கேக்குதா?"

"இது என்ன கேள்வி? சத்தம் கேட்டாத்தான் கால் அழுந்தும்."

அம்பயர் டீ குடிக்கும் இடைவேளையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அக்காவின் பாதத்தையே பார்த்தார். பாதம் அழுந்தியது. அவர் ஒரு மூச்சு இழுத்தார். அதற்குப் பிறகுதான் கீழே கிறீச்சென்று டயர் தேய்ந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அக்காவிடம் இதற்குப் பதில் இருந்தது. "வண்டி திரும்பறதுக்கு முன்னாடி தோள் திரும்பும். தோளுக்கு முன்னாடி கண்ணு போகும். பாத்துப் பாத்துக் காலுக்குப் பழகிடுச்சு, அவ்வளவுதான்." நியாயமான பதில். ஆனால் சந்திப்பின் மூலையில் இருக்கும் டயர் கடை மறைவிலிருந்து இன்னும் வெளியே வராத வண்டிக்கும் கால் எப்படி அழுந்துகிறது என்று கேட்டால், பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார்.

பிறகு அது இருவருக்கும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கால் அழுந்தியதும் இருவரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். சத்தம் வந்தால் ஒருவன் பிழைத்தான் என்று அர்த்தம். ஊரெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறும். இந்த அறையில் மட்டும் அது நல்ல சேதி. "வந்துடுச்சு அக்கா" என்பார் அம்பயர். "வரட்டும், நல்லா வரட்டும்" என்று எழுதிக்கொள்வார் அக்கா.

ஒரு மத்தியானம் கால் அழுந்தியது, சத்தம் வரவில்லை. சாலை காலியாகக் கிடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தப்பு போல" என்று அக்கா சிரிக்கப் பார்த்தார். கால் மட்டும் எடுக்க வரவில்லை. யாரோ மேலிருந்து அமுக்குவது போலத் தரையோடு கிடந்தது. அப்போது டயர் கடைப் பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்தது. எதிரே, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். லாரி டிரைவர் அவரைப் பார்க்கவில்லை, அவர் லாரியைப் பார்க்கவில்லை. யாரும் பிரேக் பிடிக்கவில்லை. மோதிய சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியது போலத்தான் கேட்டது.

அன்றைய தாளில் அதற்கு இடமில்லை. யாரும் பிரேக் பிடிக்காததால் அது அவர்கள் கணக்கில் வராது.

"கத்தியிருக்கலாம்" என்றார் அக்கா, சாயங்காலம் படியிறங்கும்போது.

"மாடியிலேருந்து கத்தினா யாருக்குக் கேக்கும் அக்கா?"

"கேட்டிருக்காது. ஆனாலும் கத்தியிருக்கலாம்."

அன்றிரவு காலையும் சத்தத்தையும் பற்றிக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதன் பிறகு அவர் சாலையைவிடத் தன் காலுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார். இப்போது தனியாக உட்காருவதில்லை. பஸ்ஸில் போனால் இரண்டு கால்களையும் சீட்டின்மேல் மடித்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்தில் முறைத்தால், "முட்டி வலிங்க" என்கிறார்.

இதெல்லாம் கால் சந்திப்போடு நின்றிருந்தவரை. சென்ற வாரம் அது வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்காவுக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தினமும் ஸ்கூட்டரில் அதே சந்திப்பைக் கடந்து போகிறவள். திங்கட்கிழமை காலை அவள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அக்காவின் பாதம் அழுந்தியது. பால் பொங்கவில்லை, டி.வி. ஓடவில்லை. செவ்வாய்க்கிழமையும் அழுந்தியது. புதன்கிழமை இன்னும் பலமாக.

கால் எதைப் பார்த்தது என்று கண்டுபிடித்துவிடலாமென்று மகளையே உற்றுப் பார்த்தார். யாரோடோ போனில் சண்டை போல; யாரென்று கேட்டால் எரிந்து விழுகிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் எதன்மேலும் நிற்பதில்லை. இந்தக் கண்ணைச் சந்திப்பில் எத்தனையோ பேரிடம் அவர் பார்த்திருக்கிறார். அந்தச் சைக்கிள்காரருக்கும் அன்று இதே கண்.

"இன்னிக்கு லீவு போடேம்மா."

"எதுக்கு?"

எதுக்கென்று சொல்வது? உன் அம்மாவின் கால் சொல்கிறது என்றா?

"சும்மாத்தான். பாத்துப் போ."

"தெனமும் இதையேதாம்மா சொல்ற!"

வியாழக்கிழமை காலை வீட்டில் ஒரே களேபரம். மகள் அலமாரியைக் குடைந்தாள், பையைக் கவிழ்த்தாள், சோபா மெத்தையைத் தூக்கிப் போட்டாள். "என் வண்டிச் சாவிய யாரு எடுத்தது? நேத்து ராத்திரி இங்கதான மாட்டினேன்!"

அக்கா மேஜையில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. கணவர், மகளுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பார்த்தவர் உடனே நிமிரவில்லை.

மனைவியின் வலது பாதத்துக்கு அடியில் சாவி வளையத்தின் நுனி தெரிந்தது. விரல்களெல்லாம் ரத்தம் செத்து வெளுத்துப் போகும்படி அழுத்தியிருந்தார். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தப் போடுகிற அழுத்தம் அது. அவருக்குத் தெரியாத அழுத்தமா?

"அங்க இருக்காப்பா?"

"இங்க இல்ல கண்ணு" என்றார் அவர், நிமிர்ந்து. "நேரமாகுது. இன்னிக்கு ஒருநாள் பஸ்ல போயிடேன். நான் தேடி வெக்கறேன்."

மகள் முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். கேட் சத்தம் கேட்டது. தெருமுனையில் பெரிய ரோட்டைத் தாண்டினால் பஸ் ஸ்டாப்.

"போயிட்டா. கால எடு" என்றார் கணவர். கேலி பண்ணத்தான் வாய் எடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அக்கா மெல்லக் காலைத் தூக்கினார். உள்ளங்காலில் சாவியின் பல் பதிந்திருந்தது. தப்பித்தோம் என்று முதல்முறையாக மூச்சு விட்டார். கணவர் சாவியைக் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, ஆணியில் மாட்டப் போனார்.

அக்காவின் பாதம் வெறுந்தரையில் இறங்கி, அழுந்தியது.

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. அக்கா தலையைத் தெருப்பக்கம் சாய்த்து, பிரேக் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார். கணவர் அந்தக் காலைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, சாவியைப் பிடித்த கையாலேயே எட்டி, மின்விசிறியை நிறுத்தினார்.