முழங்கை வரை வெறுங்கை

மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். புனே பக்கம் சிஞ்ச்வட்டில் அவர்கள் இருக்கும் ஸொசைட்டிக் குடியிருப்பில் கீழ்வீட்டு மராத்திக்காரம்மாவுக்குக்கூட இது தெரியும். குக்கர் மூடி சிங்க்கில் விழுகிற சத்தத்தை வைத்தே, சிஸ்டருக்கு இன்று ஆஸ்பத்திரியில் ஏதோ நடந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவாள்.

அன்று சாயங்காலம் குக்கர் மூடியோடு தோசைக்கல்லும் விழுந்தது.

"கல்லு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் கோவிந்தராஜன், டிவி முன்னாலிருந்து. உதிரிபாகத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் அவருக்குப் புதிதில்லை.

"நாளையிலேருந்து ஆயா பவுனு வேலைக்கு வர வேண்டாமாம். காண்டிராக்ட்காரன்கிட்டச் சொல்லிட்டாவ."

அவர் டிவியை அணைத்தார்.

பாளையங்கோட்டையில் நர்ஸிங் படித்துவிட்டு, கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள் மங்கையர்க்கரசி. வந்த நாள் முதல் ஒரே ஆஸ்பத்திரி. ஒரு தர்ம டிரஸ்ட் நடத்தும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. ஏழைபாழைகள் வருகிற இடம். குழாயில் காலையில்தான் தண்ணீர் வரும். மிச்ச நேரத்துக்குப் பிளாஸ்டிக் டிரம்மும் குவளையும். குவளையோடு உள்ளே போகிற கை எத்தனை பேருடையது என்று பார்த்துச் சகிக்காமல், சொந்தச் செலவில் டிரம்முக்கு அடியில் ஒரு குழாய் வைத்தவள் அவள்தான். ஒரு தடவை, தரை துடைக்கிற மருந்து வாங்கப் பணமில்லை என்று டிரஸ்டில் கையை விரித்தார்கள். மறுநாள் வார்டு துடைத்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போய், மீட்டிங் நடந்துகொண்டிருந்த மேஜையில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். மருந்து வந்தது. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

இப்போது பச்சைக்குழந்தைகள் அறைக்கு அவள்தான் பொறுப்பு. எடை குறைந்து பிறந்ததுகள், மஞ்சள் பூத்ததுகள், உள்ளங்கையில் அடங்கிவிடுகிறதுகள். மழைக்காலத்தில் அங்கே அடுத்தடுத்து இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்றைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. உடனே உத்தரவு போட்டார்கள்: அந்த அறைக்குள் போகிற யார் கையிலும் முழங்கை வரை ஒன்றும் இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், வாட்ச், எதுவும்.

மங்கையர்க்கரசி தன் வளையலை முதலில் கழற்றினாள். கல்யாண மோதிரம் வர மறுத்தது. சோப்புப் போட்டு இழுத்தாள். அறை வாசலில் ஓர் எவர்சில்வர் டப்பாவை வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டாள். ஆயாக்கள் ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். பவுன் மட்டும் நின்றாள்.

பவுன் சேலத்துப் பக்கத்துப் பெண். அப்பா காலத்திலேயே புனே வந்த குடும்பம். அவள் புருஷன் தங்கராஜ் கிட்னி கெட்டுப் படுத்திருந்தான். புருஷன் படுத்திருக்கும்போது எந்தப் பெண் பச்சைக் கண்ணாடி வளையலைக் கழற்றுவாள்? இந்த ஊர் வழக்கமும் அதற்குச் சம்மதிக்காது, அவள் மாமியாரும் சம்மதிக்க மாட்டாள்.

"அக்கா, பயமா இருக்குதுக்கா."

"வேலைக்கு வரும்போது கழட்டு, போகும்போது போட்டுக்கோ. உன் புருஷனுக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொல்லுதேன்லா."

"நீங்க சொல்றீங்கன்னுதான்க்கா." சோப்பு நுரையில் கையைக் குறுக்கிக் கழற்றினாள். விஷயம் தெரிந்து மாமியார் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பவுனும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

உத்தரவு இரண்டு பேரை மட்டும் தொடவில்லை. ஒருவர் சூப்பரின்டென்டென்ட் டாக்டர் ஸ்நேஹா. நல்ல பெண், சின்ன வயசு, எல்லோருக்கும் பயப்படுவாள். இன்னொருவர் குழந்தை டாக்டர் மாதவ். விமான் நகரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் காலையில் பேருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். கெட்டிக்காரர். ஆனால் வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு, ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக. எது சிவப்பு, எது கறுப்பு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை கழுவினால் அது மட்டும் நனைந்து, காயாமல், சொட்டிக்கொண்டே குழந்தை மேல் போகும்.

ஒரு தடவை மங்கையர்க்கரசி சொல்லிப் பார்த்தாள். "சிஸ்டர், இது கடவுளோடது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஸ்நேஹாவிடம் சொன்னாள். "அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா வேற யார் வருவாங்க?" என்றாள் ஸ்நேஹா. அதுவும் நிஜம்தான்.

அப்புறம்தான் மூன்றாவது குழந்தைக்குக் காய்ச்சல். பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. டாக்டர் மாதவ் சுற்றிப் பார்த்தார். டயபர் மாற்றிக்கொண்டிருந்த பவுன் கண்ணில் பட்டாள். "சேரியிலிருந்து வருகிறவர்களை இந்த அறைக்குள் விட்டால் வேறென்ன நடக்கும்?" என்றார் மராத்தியில், அவள் காதுபட.

"அவரு சொன்னா ஆச்சா?" என்றார் கோவிந்தராஜன் இப்போது. "நீ எடுத்துச் சொல்லலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? அவ வளையல் அழுக்கு, அவரு கயிறு சாமி."

"அது அவரு நம்பிக்கைட்டீ."

"நம்பிக்கை மணிக்கட்டுலதான் இருக்கணுமோ? இடுப்புல கட்டிக்கிடச் சொல்லுங்க. நம்ம ஊர்ல ஆம்பளையெல்லாம் அரைஞாண் கட்டலையா? சாமிக்கு இடுப்பு தெரியாதா?"

கோவிந்தராஜன் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கேயும் ஒரு கயிறு. மெல்லக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பவுன் வந்திருந்தாள். வர வேண்டாம் என்று நிறுத்தப்பட்டவளை வரச் சொல்லி போன் போட்டவள் மங்கையர்க்கரசி. பவுன் கை நிறையப் பச்சை வளையலோடு சுவரோரம் நின்றாள். டாக்டர் மாதவ் மாடியேறி வந்தபோது மங்கையர்க்கரசி அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் கட்டுப் பிரிக்கிற கத்தரி.

"வழி விடுங்க சிஸ்டர்."

"கழட்டிட்டுப் போங்க டாக்டர். இல்லேன்னா இவளும் வளையலோட உள்ள வருவா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." அவள் மராத்தி கரடுமுரடானது, கோபத்தில் இன்னும் கரடாகிவிட்டது.

"என்ன பேச்சு இது? நான் போயிடறேன். வேற டாக்டரைப் பாத்துக்கோங்க." திரும்பிவிட்டார்.

உள்ளே அந்தப் பெண் குழந்தை அழுதது. அழுகை என்று சொல்ல முடியாது. பூனைக்குட்டி முனகுகிற மாதிரி. மங்கையர்க்கரசி உள்ளே எட்டிப் பார்த்தாள். இவர் படியிறங்கிவிட்டால் அந்தக் குழந்தை என்ன ஆகும்? அப்படி ஆனால் அது யார் தலையில் விடியும்? ஆனாலும் வாசலை விட்டு அவள் கால் நகரவில்லை.

ஸ்நேஹா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சிஸ்டர், ப்ளீஸ்."

அப்போது பவுன் பேசினாள். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்து அவள் பேசியதே அன்றுதான். "ஸாஹேப், என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். நான் தினமும் கழட்டினேன்."

"அது வேற, இது வேற" என்றார் அவர்.

"என்ன வேற?" மங்கையர்க்கரசி கத்தியதில் கீழே ஓபி வரிசையே அண்ணாந்து பார்த்தது. "அவ புருஷன் உயிரு வேற, உங்க சாமி வேறயா? சொல்லுங்க!" இது தமிழில் வந்துவிட்டது. ஆனாலும் யாருக்கும் புரியாமல் போகவில்லை.

டாக்டர் மாதவ் ஸ்நேஹாவைப் பார்த்தார், இவளை அடக்கு என்பது போல. ஸ்நேஹா அவரைப் பார்க்கவில்லை. அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வாட்சைக் கழற்றினாள். மோதிரத்தை, தங்கக் காப்பை. எல்லாம் கடகடவென்று டப்பாவில் விழுந்தன. கை கழுவிக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள்.

டாக்டர் மாதவ் படியில் ஒரு காலும் வராந்தாவில் ஒரு காலுமாக நின்றார். குழந்தை மறுபடி முனகியது. அவர் திரும்பி வந்து வலது கையை நீட்டினார்.

"அறுங்க."

மங்கையர்க்கரசி அறுத்தாள். கயிறு விலகிய இடத்தில் தோல் வெளுத்து ஊறியிருந்தது. கயிற்றைக் கீழே போடாமல் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாட்சைக் கழற்றி டப்பாவில் எறிந்துவிட்டு, கழுவப் போனார். அதற்கப்புறம் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. தினமும் வந்தார்.

"பவுன் இருக்கட்டும்" என்று ஸ்நேஹா காண்டிராக்ட்காரனிடம் சொல்லிவிட்டாள். குழந்தைக்கு மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது. எந்தக் கை கொண்டுவந்த காய்ச்சல் என்று யாராலும் சொல்ல முடியாது. கயிறாகவும் இருக்கலாம், ஸ்நேஹாவின் காப்பாகவும் இருக்கலாம், அந்த டிரம் தண்ணீராகவும் இருக்கலாம். அதை நினைத்தால்தான் மங்கையர்க்கரசிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய அன்று மாலை, ஷிப்ட் முடிந்து பவுன் வளையல் போட்டுக்கொண்டாள். மங்கையர்க்கரசி அவள் கையைக் குவித்துப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடைசி வளையல் உடைந்து புறங்கையைக் கீறியது. மங்கையர்க்கரசி உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள்.

"விடுங்கக்கா" என்றாள் பவுன். "கண்ணாடின்னா ஒடையாம பின்ன?"

"ரத்தம் வருது பாரு. போய்க் கழுவு, போ."

பவுன் டிரம்மின் குழாயைத் திருப்பினாள். காற்றுதான் வந்தது. டிரம்மைச் சாய்த்துப் பார்த்தாள், அடியில் சேறு.

மங்கையர்க்கரசி வாளியை எடுத்தாள். டிரம்மைக் கவிழ்த்து அந்தச் சேற்றை அதில் வடித்தாள்.

"எங்கக்கா?"

"டிரஸ்ட் ரூம்ல லைட்டு எரியுது. நீ துணிய வச்சு அமுக்கிக்கிட்டு பின்னாலயே வா."