வளராமல் இருப்பதற்கு ஒரு மொட்டை

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கையெழுத்துப் போட்டது மட்டும்தான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் நர்ஸ் அம்மா, "புதுசா வர்றவங்க படிக்கட்டும், எழுதிக் குடுங்க. தப்பை நாங்க திருத்திக்கறோம்" என்று சித்திரையிலிருந்து சொல்கிறார்கள். நேரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது. எழுதுவது அதைவிடப் பரவாயில்லை.

நான் கோவளத்தில் கடலுக்குப் போகிறவன். எனக்கு வந்தது இரைப்பையின் சுவரில் வருகிற ஒரு கட்டி. கேன்சரிலேயே இது அபூர்வமான வகை என்றார் டாக்டர். என்னிடம் அபூர்வமாக இருப்பது அது ஒன்றுதான். பெரிய கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ஈரலில் சின்னதாகச் சில தங்கிவிட்டன. அவற்றுக்காகத் தினமும் சாப்பிட்டபின் ஒரு மாத்திரை. எப்போது நிறுத்தலாம் என்று என் மனைவி கேட்டாள். நிறுத்த வேண்டாம் என்றார்.

ஆபரேஷனுக்கு முன்பே அவள் திருப்போரூர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். குணமானால் மொட்டை. மொட்டை எனக்கு. என்னைக் கேட்கவில்லை. வேண்டுதல் முடியில் கத்தி படக்கூடாது என்பதால் அன்றிலிருந்து தலைமுடியும் தாடியும் அவற்றின் இஷ்டத்துக்கு வளர்ந்தன.

கேன்சர் என்றால் முடி கொட்டும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கோ தோளைத் தாண்டியது. இந்த மாத்திரைக்கு எனக்கு முடி கொட்டவில்லை; காலையில் கண் இமைதான் வீங்கும். வீங்கிய கண்ணும் நீண்ட முடியுமாகக் கரையில் நின்றால் யார் நம்புவார்கள்?

மீன் ஏலம் விடுகிறவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணாத்த, ஒடம்பு சரியில்லன்னாங்க. நீ இன்னா சாமியார் வேஷம் கட்டிகினு கீற?"

படகில் என்னோடு வரும் மனைவியின் தம்பி அவருக்குப் பதில் சொன்னான். "மாமா சாமியார்லாம் இல்ல. கண்ணப் பாரு, காலையிலயே ஏத்திகினு வந்துகீறாரு."

"மாத்திரைடா" என்றேன்.

"எந்தக் கடையில விக்கிறான்? எனக்கும் ஒண்ணு வாங்கியா மாமா."

அலைமேல் பலகையில் நின்று சறுக்கி விளையாட வந்த ஒரு வெளியூர்க்காரர் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. நின்றேன்.

ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் மனைவி ஒரே கேள்வி கேட்பாள். "குணமாயிடுச்சா சார்?"

"வளரல. அப்படியே இருக்கு. நல்ல விஷயம்" என்பார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள், "வளரலன்னா குணம் இல்லையே. முருகன ஏமாத்தக் கூடாது" என்பாள். முடி இன்னும் வளரும்.

முடி எனக்குப் பெரிய தொல்லை இல்லை. குணம் என்ற அந்தச் சொல் வரும்வரை காத்திருந்தால் மிச்சமுள்ள நாளெல்லாம் காத்திருக்கிற நாளாகவே போய்விடுமோ என்றுதான் பயந்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போன ஸ்கேன் முடிந்ததும் நானே வாயைத் திறந்தேன்.

"சார், குணம்னு எப்ப சொல்வீங்க?"

டாக்டர் ஸ்கேன் தாளைக் கீழே வைத்தார். "உங்க விஷயத்துல நான் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன். வளராம இருக்கறதுதான் நமக்கு வெற்றி. அப்படியே பல வருஷம் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கறவங்க இருக்காங்க."

"அப்ப முடி வெட்டலாமா?"

"முடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தாராளமா வெட்டுங்க."

மனைவி எழுந்துவிட்டாள். "டாக்டர் சொன்னா ஆச்சா? முருகர்கிட்ட கேக்க வாணாம்?" என்றாள். வீட்டுக்குப் போகாமல் திருப்போரூர் பஸ் ஏறினோம்.

சன்னதியில் அவள், மீன் விற்கும்போது கூடையை எதிரில் வைத்து விலை பேசுவதுபோலவே பேசினாள்.

"இதோ பாரு முருகா. குணம்னு கேட்டது என் தப்பு, வெவரம் பத்தல. இப்ப வளராம வெச்சிகினு கீற இல்ல, அதுக்கு ஒரு மொட்ட. அடுத்த தபா வளரலன்னா அதுக்கும் ஒண்ணு. உயிரோட வெச்சிகினே இரு, மொட்ட வந்துகினே இருக்கும்."

பின்னால் நின்ற ஒருவர், "சாமிகிட்டயே மீன் பேரமா பேசறியேம்மா" என்றார்.

"நீ குறுக்க வராத" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா சொல்ற?"

இந்த முறை கேட்டாள். சரி என்றேன். முடி இறக்கும் இடத்தில் எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை இருந்தது. அது அழுதது. நான் அழவில்லை.

மொட்டையோடு ஊருக்கு வந்தபோதுதான் எனக்குக் கேன்சர் என்று தெருவே நம்பியது. சாத்துக்குடி வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. ஏலக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்த, இவ்ளோ முத்திப் போச்சின்னு தெரியாம பேசிட்டேன்" என்றார்.

"இது முருகனுக்கு" என்றேன்.

"ஆமா, இனிமே அவர்தான்" என்றார். நான் ஒரு சாத்துக்குடியை உரித்தேன். சாத்துக்குடி நன்றாக இருந்தது.

இப்போது தலையில் சீப்பு நிற்கும் அளவுக்கு முடி வந்திருக்கிறது. அடுத்த வாரம் ஸ்கேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு மறுபடியும் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு அடுத்த முறையும்.

இதை ஒருவழியாக எழுதி முடித்தது, ஆவணி மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை.