புடவைக் கடைச் சேர்வருக்கு இரண்டு மின்விசிறி

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

இன்று காலை முதலாளி சிவா அண்ணை கோல் எடுத்தார். "தம்பி, சேர்வர் களைச்சுப் போச்சு, பில் வரச் சுணங்குது. தீபாவளிச் சனம் வரமுதல் புதுசு வாங்குவம்."

போய்ப் பார்த்தால், சேர்வரின் இரண்டு பக்கமும் மின்விசிறி சுழல்கிறது.

சேர்வரில் பிழையில்லை. பில் போட போன் நம்பர் கேட்டால் எங்கள் சனம் கடைசி நாலு இலக்கத்தைத்தான் சொல்லும். டேட்டாபேஸின் இன்டெக்ஸ், அகராதி மாதிரி, நம்பரை முதல் இலக்கத்திலிருந்து அடுக்கியது. பின்பக்கத்தால் தேட அது உதவாது. அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் கடைக்கு வந்த அத்தனை பேரையும் ஒருமுறை விசாரித்துக்கொண்டிருந்தது.

கடைசி நாலு இலக்கத்தைத் தனி நெடுவரிசையாக்கி, அதற்கும் ஒரு இன்டெக்ஸ் போட்டேன். அடுத்த அக்கா நம்பர் சொல்லி வாய் மூடுமுன் பில் வந்துவிட்டது. காசாளர் பிள்ளை கைதட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பின்னேரம் சிவா அண்ணை மறுபடியும் கோல்.

"தம்பி, முந்தி பில்லுக்கு நிக்கேக்க சனம் பக்கத்துத் தட்டில இன்னொரு சீலையும் எடுக்கும். இண்டைக்கு ஒருத்தரும் எடுக்கேல்ல. கொஞ்சம் மெதுவாக்க ஏலுமே?"

இவ்வளவு காலமும் வேகமாக்க மட்டுமே படித்திருக்கிறேன். மெதுவாக்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மின்விசிறி இரண்டும் இலவசம்.