கோடு போட்ட பெட்டிக்குப் பின்னால் ஒரு புருஷன்

கத்தரியம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஓர் இசைப் பத்திரிகைக்கு இருபது வருடமாக அட்டை வடிவமைக்கிறவர். எந்தப் படம் கைக்கு வந்தாலும் "இங்க வெட்டு, அங்க வெட்டு" என்று ஆரம்பித்துவிடுவார். பெயர் ஒட்டிக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, அட்டை விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. கடையில் பத்திரிகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்குவார்கள், இடது ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும். அதனால் ஆளை இழுக்கிற வரியெல்லாம் இடது பக்கம். பத்திரிகையின் பெயர் மேலே, கொட்டை எழுத்தில். பாடகரின் தலை அதில் ஓர் எழுத்தை மறைத்தால்? "நம்ம பேரு ஊருக்கே தெரியும், ஒரு எழுத்து மறைஞ்சா குடியா முழுகிடும்?" என்பார். நிறம் மூன்றுக்கு மேல் போனால் அது அட்டை இல்லை, துணிக்கடை விளம்பரம். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டையில் இருக்கிறவர் வாசகரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பார்கோடு வலது கீழ் மூலையில். அச்சகத்துக்காரர்கள் அதை நகர்த்த விடமாட்டார்கள்.

இந்தப் பார்கோடுதான் அவர் வீட்டில் கலகம் மூட்டியது.

புருஷன் டிரம்ஸ் வாசிக்கிறவர். ஊரே கொண்டாடுகிற ஐந்து பேர் குழு. உட்கார்ந்து வாசிக்கிறவர் என்பதால் படத்திலும் உட்கார வைத்துவிடுவார்கள், அதுவும் வலது ஓரத்தில். குழு முதல் தடவை அட்டைக்கு வந்தபோது பார்கோடு நேராக அவர் முகத்தில் போய்க் குந்தியது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் புள்ள எங்கம்மா?"

"இந்தக் கோடு போட்ட பெட்டிக்குப் பின்னாடி இருக்கார், அத்தை."

மாமியார் அதை நகத்தால் சுரண்டியே பார்த்துவிட்டார்.

இரண்டாவது தடவை, 'உள்ளே பெரிய படம் இலவசம்' என்ற மஞ்சள் வட்டம் அவரை விழுங்கியது. மூன்றாவது தடவை முழங்கால் மட்டும் தப்பியது. முழங்காலை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது? இப்போது குழுவின் இருபதாவது ஆண்டுச் சிறப்பிதழ் வருகிறது என்றதும் மனிதர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தத் தடவையும் என் மூஞ்சி தெரியலன்னா, குச்சியைத் தூக்கிப் போட்டுடுவேன். இனிமே வாசிக்க மாட்டேன்."

கோபத்தில் சொல்லவில்லை, அமைதியாகச் சொன்னார். அதனால்தான் கத்தரியம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசிப்பதை விட்டால் அந்த மனுஷன் பாதியாகிப்போவார் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதி வீட்டில் உட்கார்ந்து பாத்திரம் பாத்திரமாகத் தட்டிக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும்.

புகைப்படக்காரரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரை நிக்க வைங்க. இடது பக்கம். யாரும் முன்னாடி வரக்கூடாது." அப்படியே எடுத்து அனுப்பினார்கள், அறுபத்திநாலு படம். அறுபத்திநாலிலும் புருஷன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தூங்குறவரை அட்டையில போட்டா வாங்குறவனும் கொட்டாவி விட்டுட்டுப் போயிடுவான். அவரை வெட்டிடுங்கம்மா, நாலு பேர் போதும்" என்றார் ஆசிரியர்.

வெட்டுவதா! கத்தரியம்மா பாடகரின் கண்ணை எடுத்துப் புருஷன் முகத்தில் ஒட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போலிருந்தது, பயந்துபோய் அழித்தார். வீட்டில் இருக்கிற பழைய படத்திலிருந்து எடுக்கலாமென்று கல்யாண ஆல்பத்தைத் தேடினார். மாலையோடு, மாலையில்லாமல், மாமனாரோடு, எல்லாவற்றிலும் கண் மூடித்தான் இருந்தது. இத்தனை வருடம் இதைக் கவனிக்காத தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

ஆசிரியரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினார். மறுநாள் காலை ஐந்து பேரையும் திரும்ப வரவழைத்து, தானும் போய் நின்றார்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஒண்ணு... ரெண்டு..." என்றார் புகைப்படக்காரர்.

'ஒண்ணு' என்றதும் புருஷனின் கால் தாளம் போட்டது. 'ரெண்டு' என்றதும் தோள் உயர்ந்தது. 'மூணு' என்றதும் கண் இறுக மூடியது. அடப்பாவி மனுஷா! ஆயிரம் மேடையில் ஒவ்வொரு பாட்டையும் எண்ணி ஆரம்பித்து, எண்ணி முடித்த கையோடு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர். யார் எண்ணினாலும் அவருக்குப் பாட்டு தொடங்கிவிடுகிறது.

"எண்ணாம எடுங்களேன்" என்றார் கத்தரியம்மா.

"எண்ணலன்னா மத்த நாலு பேரும் நாலு திசையைப் பார்க்கிறாங்கம்மா. நான் என்ன செய்யட்டும்?"

"சரி, எண்ணுங்க. நான் பார்த்துக்கிறேன்."

புகைப்படக்காரர் மறுபடி எண்ணினார். புருஷனின் இமை இறங்கத் தொடங்கிய நேரம் பார்த்து, கத்தரியம்மா ஓரத்திலிருந்து ஒரு குரல் விட்டார்: "என்னங்க!"

புருஷன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து திரும்பினார். அதே நொடியில் கேமரா 'க்ளிக்' என்றது.

அன்று மத்தியானம் ஆசிரியர் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "நாலு பேர் நேரா பார்க்கிறாங்க. இவர் மட்டும் எங்கயோ பார்க்கிறாரே. வாசகரைப் பார்க்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானேம்மா?"

"நாலு பேர் வாசகரைப் பார்க்கட்டும், போதும்" என்றார் கத்தரியம்மா. "இவர் என்னைப் பார்க்கட்டும்."

ஆசிரியர் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வந்த அன்று புருஷன் அட்டையை விளக்குக்குக் கீழே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பாடகரைப் பார்க்கவில்லை, பத்திரிகையின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் பக்கத்தில் நின்று, "இவன்தான், இவன்தான்" என்று விரலை வைத்து வைத்து அட்டையையே அழுக்காக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன்?" என்றார் புருஷன் மனைவியிடம். "அப்ப யாரும் சிரிக்கச் சொல்லலையே."

"நான் கூப்பிட்டேன்ல" என்றார் கத்தரியம்மா.

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "கூப்பிட்டா இப்படியா பார்க்கிறேன்?"

"எப்பவுமே இப்படித்தான் பார்ப்பீங்க. உங்களுக்குத்தான் தெரியாது."